தூம்பக்குளத்து எஞ்சின் ஆறின கதை

மேற்கு மலை அடிவாரத்தில் தூம்பக்குளம் என்று ஓர் ஊர் உண்டு. அந்த ஊரில் புத்தியே இல்லாதவன் என்று ஒருத்தனையும் காட்ட முடியாது. ஆளுக்குக் கொஞ்சம் இருந்தது. நாலு பேர் கூடி யோசித்தால்தான் அந்தக் கொஞ்சமும் காணாமல் போகும். ஆனால் அங்கே நாலு பேர் கூடி யோசிக்காமல் எந்தக் காரியமும் நடப்பதில்லை.

அந்த ஊர் ஜக்கையனுக்கு முப்பத்தெட்டு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. கேட்டால் ஜாதகத்தைச் சொல்வார்கள். ஜாதகம் பாவம், அதில் ஒரு குற்றமும் இல்லை. குற்றமெல்லாம் கூடவே போய்ப் பெண் கேட்டவர்களிடம் இருந்தது. முதல் ஆள் தாய்மாமன் சென்றாயன். அவருக்குத் தெரியாத தொழில் கிடையாது. அவர் கைவைத்துப் பிழைத்த பொருளும் கிடையாது. அடுத்தது பங்காளிகள் பொம்முராசும் மொக்கராசும். பொம்முராசிடம் ஒரு வேலையை ஒரு தடவை சொன்னால் போதும், சொன்னபடியே செய்துவிடுவான். அவனிடம் இருந்த கஷ்டமே அதுதான். மொக்கராசு மற்றவர்கள் பேசுவதையெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் “அதானே” என்பான். இப்படி ஓர் ஆள் சபையில் இருந்தால் எந்த முட்டாள்தனமும் தோற்காது.

நாலு பேருக்கும் பொதுவாக ஒரு ஜீப் இருந்தது. மலைமேல் ஏலத்தோட்டங்களுக்கு ஆளும் மூட்டையும் ஏற்றுகிற ஜீப். பிறக்கும்போது அதற்கு இருந்தது சின்ன எஞ்சின்தான். முனகிக்கொண்டே ஏறினாலும் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. சென்றாயனுக்கு அது பொறுக்கவில்லை.

“இவ்வளவு பெரிய மலைக்கு இத்துனூண்டு எஞ்சினோட போறது மலைக்கே அவமரியாதைடா” என்றார்.

பழைய இரும்புக் கடையில் கிடந்த ஒரு பெரிய வேனின் டீசல் எஞ்சினைக் கொண்டுவந்து, சம்மட்டியால் சமாதானம் பேசி, ஜீப்பின் வயிற்றுக்குள் இறக்கிவிட்டார். பானெட் மூடவில்லை, கயிறு போட்டுக் கட்டினார். ரேடியேட்டர் மட்டும் பழைய சின்ன ரேடியேட்டரே இருந்தது. “தண்ணி தண்ணிதானே, அதுல என்ன பெருசு, சிறுசு?” என்றார். “அதானே” என்றான் மொக்கராசு.

அன்றிலிருந்து ஜீப் மலைப்பாதையில் இரண்டாவது வளைவைத் தாண்டவில்லை. அந்த இடம் வந்ததும் இட்லிக் கொப்பரையைத் திறந்த மாதிரி ஆவி கிளம்பும். ஏறி வந்த கூலியாட்கள் இறங்கி, சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு நடந்தே தோட்டத்துக்குப் போய்ச் சேர்வார்கள். அவர்கள் வேலை முடிந்து இறங்கி வரும்போதும் சென்றாயன் அதே வளைவில், “இந்தா கிளம்பிருவோம்” என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

இந்த லட்சணத்தில்தான் பனிக்கொம்பிலிருந்து ஒரு பெண் அமைந்தது. பனிக்கொம்பு மலைமேல் இருக்கிற சிற்றூர். பெண் பெயர் நாகஜோதி. அடிவாரச் சந்தைக்கு இறங்கி வந்தவள், ஜீப்புக்குப் பக்கத்தில் நின்ற ஜக்கையனைப் பார்த்துச் சிரித்தாள். “உன்னைப் பார்த்துச் சிரிக்கலடா, ஜீப்பைப் பார்த்துச் சிரிச்சா” என்றான் பொம்முராசு. அதை ஜக்கையன் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் எண்ணமும் இல்லை.

அவள் அப்பா தொட்டப்பன் மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர். பெண் கேட்க நடந்தே மலையேறிப் போன நாலு பேரையும் உட்காரவைத்து, பாயசம் கொடுத்து, விஷயத்தைச் சொன்னார்.

“பெரிய மகளையும் ஒரு ஜீப்காரனுக்குத்தான் குடுத்தேன். அவ குடும்பம் நடத்துனது வீட்ல இல்ல, ரோட்டோரத்துல. கொதிக்கிற வண்டிக்குத் தண்ணி ஊத்த, குடத்தைத் தூக்கிக்கிட்டு ஓடை ஓடையா அலைஞ்சா. சின்னவளையும் அப்படி விட மாட்டேன். முகூர்த்தத்தன்னைக்கு மாப்பிள்ளை சொந்த ஜீப்புலயே என் வாசலுக்கு வரணும். வந்ததும் எஞ்சின் மேல கையை வச்சுப் பார்ப்பேன். சுட்டுச்சுன்னா பொண்ணு கிடையாது. இதே ஊர்ல குதிரைக்காரன் ஒருத்தன் கேட்டுக்கிட்டு இருக்கான். குதிரை கொதிக்காது.”

ஓடி வந்த எஞ்சின் எதுவானாலும் சுடத்தான் செய்யும் என்று அங்கே யாராவது சொல்லியிருக்கலாம். சொல்லவேண்டியவர் சென்றாயன். அவர் பாயசத்தில் கிடந்த முந்திரியைத் தேடிக்கொண்டிருந்தார். கிடைத்ததும் தலைநிமிர்ந்து, “கையை என்ன, கன்னத்தையே வச்சுப் பாருங்க சம்பந்தி. ஜில்லுன்னு இருக்கும்” என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

ஜக்கையன் பாயசத்தைக் கீழே வைத்துவிட்டான்.

கீழே டவுனில் தாவூது பாய் என்று ஒரு மெக்கானிக். கை சுத்தமான வேலைக்காரர், வாய்தான் கொஞ்சம் சூடு. நாலு பேரும் அவரிடம் போய் நின்றார்கள். அவர் கையில் வேறு வேலை இருந்ததால் முதலில் சின்னதாக ஒன்றைச் சொன்னார்.

“கொதிச்ச எஞ்சின்ல பச்சைத் தண்ணியை மடமடன்னு ஊத்தாதீங்க, இரும்பு வெடிச்சிரும். ஆற விட்டு, கொஞ்சங் கொஞ்சமா ஊத்துங்க.”

பொம்முராசு நேரே வீட்டுக்குப் போய், தன் பிள்ளைக்குப் பால் புகட்டுகிற சங்கைத் தூக்கிக்கொண்டு வந்தான். இரண்டாவது வளைவில் ஜீப் கொதித்து நின்றதும், ஆறவிட்டு, பானெட்மேல் ஏறி உட்கார்ந்து, ரேடியேட்டருக்குச் சங்கு சங்காகத் தண்ணீர் புகட்டினான். நடுநடுவே அதைத் தட்டியும் கொடுத்தான்.

“எதுக்குடா தட்டுறே?” என்றான் ஜக்கையன்.

“ஏப்பம் விடணும்ல. இல்லேன்னா கக்கிரும்.”

சங்குத் தண்ணீரில் ரேடியேட்டர் நிரம்புவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. வீட்டில் பிள்ளை பாலுக்கு அழுது ஊரைக் கூட்டிவிட்டது. பொம்முராசின் பெண்சாதி வளைவு வரைக்கும் நடந்து வந்து, சங்கைப் பிடுங்கிக்கொண்டு, அவனையும் நாலு கேள்வி கேட்டுவிட்டுப் போனாள். அவள் கேட்டதை இங்கே எழுதுவதற்கில்லை. நியாயமான கேள்விகள்தான்.

மறுபடி தாவூது பாய். இந்தத் தடவை பாய், “வெயில்ல பாரம் ஏத்தி ஏறினா எந்த வண்டியும் சூடாகும். நிழலா இருக்கிற நேரம் பார்த்து ஓட்டுங்க” என்றார்.

சபை கூடியது.

“நிழல் நேரம்னா மழைக்காலம். அதுவரைக்கும் முகூர்த்தம் காத்திருக்காது” என்றார் சென்றாயன். “நிழல் நம்மகிட்ட வராட்டி, நாம நிழலைக் கொண்டுபோவோம். கல்யாணத்துக்குன்னு பேசி வச்சிருக்கிற பந்தல் எதுக்கு இருக்கு?”

நாலு மூங்கில் கம்பு, மேலே தென்னங்கீற்று. ஜீப்புக்குமேல் பிடித்தாயிற்று. ஒரு மூலைக்கு ஓர் ஆள். நல்ல நிழல்.

“கிளம்புவோமா?” என்றார் சென்றாயன்.

“கிளம்புவோம்” என்றான் பொம்முராசு.

யாரும் கிளம்பவில்லை.

“ஓட்டுறது யாரு?” என்றான் ஜக்கையன்.

“நீதான்.”

“நான் கம்பை விட்டா இந்த மூலை சாஞ்சிரும் மாமா.”

“சாஞ்சா வெயில் விழும்.”

“விழுந்தா சூடாகும்.”

சென்றாயன் கொஞ்சம் யோசித்தார். “அப்ப ஓட்டவே கூடாது” என்றார்.

“அதானே” என்றான் மொக்கராசு.

வெயில் இறங்கும் வரை நாலு பேரும் கம்பைப் பிடித்தபடி நின்றார்கள். போகிறவர்கள் வருகிறவர்களெல்லாம் யாரோ பெரிய மனிதர் உள்ளே படுத்திருக்கிறார் என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு கிழவர் உள்ளே பார்க்காமலே செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். சாயங்காலம் சென்றாயன் எஞ்சினைத் தொட்டுப் பார்த்தார். சூடு இல்லை. உடனே டவுனுக்குப் போனார்.

“பாய், உங்க நிழல் வைத்தியம் பலிச்சிருச்சு! காலையில இருந்து பொழுது சாயிற வரைக்கும் சூடே ஆகல.”

தாவூது பாய்க்கு மெய்யாகவே சந்தோஷம். “எவ்வளவு தூரம் ஓட்டினீங்க?”

“ஓட்டல.”

பாய் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். பிறகு தானே வண்டியைப் பார்க்க வந்தார். அங்கேதான் அவர் தவறு செய்தார். தூம்பக்குளத்துக்காரர்களிடம் எட்டி நின்று பேசியிருந்தால் அவருக்கு இன்னும் கொஞ்ச காலம் நிம்மதி இருந்திருக்கும்.

பானெட் கயிற்றை அவிழ்த்து உள்ளே பார்த்ததுமே பாய்க்கு விஷயம் புரிந்துவிட்டது. “யாருப்பா இதைப் பண்ணினது? எஞ்சின் யானை மாதிரி இருக்கு, ரேடியேட்டர் எலிப்பொறி மாதிரி இருக்கு. இந்த எஞ்சினுக்கு இது பத்தாது. லாரி ரேடியேட்டர் ஒண்ணு வாங்கி வைங்க.”

சென்றாயன் அன்றே வாங்கிவந்தார். நல்ல பெரிய ரேடியேட்டர், மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு அண்ணன். ஜீப்பின் பின்சீட்டில் மெத்தை விரித்து அதை வைத்தார்கள். ஆடாமல் இருக்க மொக்கராசு அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஜீப் இரண்டாவது வளைவில் வழக்கம்போலக் கொதித்தது.

“லாரி ரேடியேட்டரும் சரியில்ல பாய்” என்று போனில் புகார் சொன்னார் சென்றாயன். “வச்சும் கொதிக்குது.”

“எங்க வச்சீங்க?”

“பின்சீட்டுல.”

போனில் ஸ்பேனர் கீழே விழுவது கேட்டது. பிறகு, “ரேடியேட்டர் முன்னால இருக்கணும்யா, முன்னால!” என்று ஒரு சத்தம் வந்தது.

முன்னால் என்றால் முன்னால். பழைய ரேடியேட்டருக்கு முன்னே, பம்பரில் சாத்தி, கயிறு போட்டுக் கட்டினார்கள். குழாய் எதையும் இணைக்கவில்லை. பாய் இருக்கும் இடத்தைச் சொன்னாரே தவிர வேறு எதையும் சொல்லவில்லையே. இப்போது உள்ளே போய்க்கொண்டிருந்த கொஞ்சநஞ்சக் காற்றும் அடைபட்டது. ஜீப் முதல் வளைவுக்கே போகவில்லை. ஊர் எல்லையிலேயே ஆவி விட்டது.

ஜக்கையன் அந்த ஆவியையே பார்த்துக்கொண்டு நின்றான். முகூர்த்தத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை. ஆவிக்குள்ளே, மாலை போட்டுக்கொண்டு ஒரு குதிரைக்காரன் மலையேறிப் போவது அவனுக்குத் தெரிந்தது.

“மாமா,” என்றான், “இந்தக் கல்யாணம் நின்னுச்சுன்னா, நான் செத்த பிறகும் உங்களோட பேச மாட்டேன்.”

“செத்த பிறகு யாரும் பேச மாட்டாங்க மாப்ளே. கவலைப்படாதே” என்று ஆறுதல் சொன்னார் சென்றாயன்.

தாவூது பாய் இன்னொரு முறை வந்தார். முன்னால் கட்டியிருந்ததைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். திறந்து, அதை அவிழ்த்துப் போட்டபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. “அட, ஃபேனையும் மாத்தி மாட்டியிருக்கீங்களே! இது காத்தை உள்ள இழுக்கல, வெளிய தள்ளுது. முதல்ல அதைத் திருப்புங்க. பாதிச் சூடு போயிரும். மீதியை நான் நாளைக்கு வந்து பார்க்கிறேன்.”

பாய் போனபிறகு பொம்முராசு ஸ்பேனரை எடுத்தான். சென்றாயன் தடுத்தார்.

“இரு. ஃபேன் எதுல இருக்கு?”

“எஞ்சின்ல.”

“எஞ்சின் எதுல இருக்கு?”

“ஜீப்புல.”

“அப்ப ஜீப்பைத் திருப்பினா ஃபேன் தானாத் திரும்பிரும். இதுக்குப் போய் எவனாவது போல்ட்டைக் கழட்டுவானா?”

“அதானே” என்றான் மொக்கராசு, பெரிய பாரம் இறங்கினவன் மாதிரி.

ஜீப்பைத் திருப்பி நிறுத்தி, ரிவர்ஸ் கியரில் மலையேறினார்கள். ஜக்கையன் கழுத்தைப் பின்னால் திருகிக்கொண்டு ஓட்டினான். மொக்கராசு பின்னால் நடந்து, “வா வா வா... ஒடி... வா வா” என்று சொல்லிக்கொண்டே போனான். கீழேயிருந்து ஏறிவந்த பஸ் டிரைவர், எதிரே ஜீப்பின் முகத்தைப் பார்த்துவிட்டு, இறங்கி வருகிறது என்று ஓரங்கட்டி நின்றார். ஜீப் அவரைப் பார்த்தபடியே மேலே மேலே போய்ச் சின்னதாகிக்கொண்டிருந்தது. அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, கண்டக்டரிடம் ஒரு சோடா கேட்டார்.

இரண்டாவது வளைவில் ஜீப் கொதித்தது. சென்றாயன் மட்டும் முகம் மலர்ந்தார்.

“பார்த்தியா மாப்ளே, இத்தனை நாளும் ஆவி நம்ம மூஞ்சியில அடிச்சுது. இன்னைக்கு அந்தப் பக்கம் போயிருச்சு. பாய் சொன்ன மாதிரியே பாதி குணம்.”

திருகின கழுத்து திரும்பாமல், ஜக்கையன் பின்பக்கம் பார்த்தபடியேதான் மறுநாள் தாவூது பாய் முன்னால் போய் நின்றான். பாய் நடந்ததையெல்லாம் கேட்டார். அவருக்கு நெற்றி நரம்பு புடைத்தது. அந்த நேரம் அவரைத் தொட்டுப் பார்த்திருந்தால் ஜீப் எவ்வளவோ தேவலை என்று தோன்றியிருக்கும்.

“டேய்! அந்த எஞ்சினைக் கழட்டிக் கீழ வைங்கடா! அப்புறம் எப்படிச் சூடாகுதுன்னு பார்க்கிறேன்!” என்று கத்தி, கடை ஷட்டரை இழுத்துவிட்டு, மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

நாலு பேரும் மூடின ஷட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“இதை முதல் நாளே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?” என்றார் சென்றாயன். “கைவசம் இவ்வளவு நல்ல வைத்தியத்தை வச்சிக்கிட்டு நம்மள அலையவிட்டிருக்கான் மனுசன்.”

புளியமரக் கிளையில் சங்கிலி போட்டு எஞ்சினைத் தூக்கி இறக்கினார்கள். இறக்கி வைத்த பிறகு ஜக்கையன், தன் ஆயுளில் கேட்ட ஒரே உருப்படியான கேள்வியைக் கேட்டான்.

“எஞ்சின் இல்லாம ஜீப் எப்படி மாமா மலையேறும்?”

மூன்று பேரும் அவனை இரக்கத்தோடு பார்த்தார்கள்.

“எஞ்சின் இருந்தப்ப மட்டும் ஏறிச்சா?” என்றார் சென்றாயன்.

உண்மையாகவே அந்த எஞ்சினோடு அது ஏறியதில்லை.

முகூர்த்த நாள் விடிந்தபோது ஜீப்புக்கு முன்னால் நாலு காளைகள் பூட்டியிருந்தன. மாமனார் கைவைத்துப் பார்க்கவேண்டியது எஞ்சின் ஆயிற்றே, அதை விட்டுவிட்டுப் போக முடியாது. பின்சீட்டில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, ஈரச் சாக்கால் போர்த்தி, நல்ல காரியம் என்பதால் பூமாலையும் போட்டார்கள். பொம்முராசு ஒரு காளையின் முதுகைத் தொட்டுப் பார்த்துத் திடுக்கிட்டான்.

“மாமா, மாடு சுடுது!”

“மாட்டை யாருடா தொட்டுப் பார்க்கப் போறா? பேசாம ஓட்டு.”

சத்தம் இல்லாத ஜீப்பில் மாப்பிள்ளை போவது மரியாதை இல்லை என்று, மொக்கராசு ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு வாயாலேயே “டுர்ர்ர்” என்று சத்தம் கொடுத்துவந்தான். மேட்டில் கியர் மாற்றி, குரலைத் தாழ்த்திக்கொண்டான். இரண்டாவது வளைவு வந்தது. நாலு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். வளைவு போயிற்று. ஆவி வரவில்லை. சென்றாயனுக்குக் கண் கலங்கிவிட்டது. பெரிய எஞ்சின் வந்த பிறகு மூன்றாவது வளைவை அந்த ஜீப் அன்றைக்குத்தான் பார்த்தது.

பனிக்கொம்பில் மேளம் நின்றது. ஊரே வாசலுக்கு வந்தது. குதிரைக்காரனும் வந்திருந்தான், வெள்ளை வேட்டி கட்டி, ஒரு நம்பிக்கையோடு.

தொட்டப்பன் ஜீப்பைச் சுற்றிவந்தார். “மாடு எதுக்கு?” என்றார்.

“மாப்பிள்ளை அழைப்புன்னா நாங்க மாடு பூட்டித்தான் வருவோம்” என்றார் சென்றாயன், கண் இமைக்காமல்.

“அதுவும் சரிதான்.” பனிக்கொம்புக்காரர்களை அறிவாளிகள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். உயரத்தில் இருக்கிறார்கள், அவ்வளவுதான். “எஞ்சின் எங்க?”

“மாப்பிள்ளைக்குப் பக்கத்துல.”

தொட்டப்பன் ஈரச் சாக்கை விலக்கினார். கையை உயர்த்தினார். ஜக்கையன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். எஞ்சின் மேல் கை வைக்கிற சத்தம் கேட்டது. அவனுக்கு உள்ளங்கால் வரை வேர்த்துவிட்டது.

“அடேயப்பா!” என்றார் தொட்டப்பன். “ஓடைக்குள்ள கிடந்த கல்லு மாதிரி இருக்கே! இவ்வளவு மலை ஏறி வந்து, இந்தக் குளிர்ச்சியா! டேய், எல்லாரும் வந்து தொட்டுப் பாருங்கடா!”

ஊரே வரிசையில் வந்து தொட்டுப் பார்த்தது. குதிரைக்காரனும் தொட்டான். பிறகு தன் குதிரையைத் தொட்டுப் பார்த்தான். அது வெதுவெதுப்பாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

தாலி கட்டி முடிந்து, பெண்ணும் மாப்பிள்ளையும் கிளம்ப வந்தார்கள். நாகஜோதி ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தாள்.

“ஏங்க, உங்க பக்கத்துல எஞ்சின் உக்காந்திருக்கு. நான் எங்க உக்கார்றது?”

ஜக்கையன் விழித்தான். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “இது உள்ள இல்லாம இருந்தா, நான் தண்ணி தூக்க வேண்டாம்தானே?” என்றாள்.

“வேண்டாம்.”

“அப்ப இங்கயே கிடக்கட்டும். நானும் நல்லா இருப்பேன், அதுவும் நல்லா இருக்கும்.” சிரித்தாள். இந்தத் தடவை அவனைப் பார்த்துத்தான் சிரித்தாள். ஜீப் அப்போது அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. ஜக்கையன் பொம்முராசைத் திரும்பிப் பார்த்து முறைத்தான்.

தொட்டப்பனுக்கும் அதே யோசனைதான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. மெதுவாகச் சென்றாயனை ஓரமாகக் கூப்பிட்டார். “சம்பந்தி, தப்பா நினைக்காதீங்க. எங்க வீட்டுல கறக்கிற பால் மறுநாள் சந்தைக்குப் போறதுக்குள்ள திரிஞ்சு போகுது. இவ்வளவு குளிர்ச்சியான பொருள் வீட்டுக்குள்ள இருந்தா, பால் பாத்திரத்தை அது மேல வச்சுக்கலாம். விட்டுட்டுப் போறீங்களா?”

சென்றாயன் பெருந்தன்மையோடு தலையசைத்தார். ஆறு பேர் சேர்ந்து எஞ்சினை அடுப்படிக்குள் தூக்கிப்போய், மணை போட்டு உட்காரவைத்தார்கள். காளைகளை அவிழ்த்துவிட்டு, பெண்ணும் மாப்பிள்ளையும் ஏறியதும், ஜீப் இறக்கத்தில் தானாக உருண்டு தூம்பக்குளம் போய்ச் சேர்ந்தது. பிரேக் மட்டும் நன்றாகப் பிடித்தது. அந்த வண்டியில் சென்றாயன் இன்னும் ரிப்பேர் செய்யாமல் விட்டிருந்தது அது ஒன்றுதான்.

கொஞ்ச காலம் எந்தப் புகாரும் இல்லை. மலைமேல் மழையும் பனியும் மாறி மாறி இருந்தன, பால் திரியவில்லை. தொட்டப்பன் ஊரெல்லாம் மாப்பிள்ளை வீட்டு எஞ்சினைப் பற்றியே பேசினார். பிறகு ஒரு நாள், பனிக்கொம்பில் சுள்ளென்று வெயில் அடித்தது. ஜக்கையனுக்குப் போன் வந்தது.

“மாப்ளே, எஞ்சின் சூடாகுது” என்றார் தொட்டப்பன், அழாக் குறையாக. “தொட்டா வெதுவெதுங்குது. பாலெல்லாம் திரிஞ்சு போச்சு. நான் என்ன பண்ணுவேன்?”

சபை கூடியது. சென்றாயன் போனை வாங்கிக்கொண்டார்.

“பதறாதீங்க சம்பந்தி. ஆவி வருதா?”

“வரல.”

“அப்ப பெரிய கோளாறு இல்ல. அது மேல எவ்வளவு பால் வைக்கிறீங்க?”

“கறக்கிறது அத்தனையும்தான்.”

“அதான் பார்த்தேன்” என்றார் சென்றாயன். “மேட்டு ஊரு வேற. பாரத்தைக் குறைங்க சம்பந்தி. தாங்காது.”

மறுமுனையில் தொட்டப்பன் தலையில் அடித்துக்கொள்வது இங்கேவரை கேட்டது.

“எம் மேலதான் தப்பு சம்பந்தி! நேத்துதான் எருமைப் பாலையும் சேர்த்து ஏத்தினேன்.”